கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனி வகுப்பு வேண்டுமா?

"டீச்சர், இவன் எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டாம்லா, அடுத்த வகுப்புல தூக்கிப் போட்டுருங்களேன்." தென்காசி வட்டாரத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன கோரிக்கை இது. ஒரு காலத்தில் 'டபுள் புரமோஷன்' என்று சொல்லி அப்படித் தூக்கிப் போட்டதும் உண்டு. இப்போது வயதுக்கேற்ற வகுப்பு என்பதே நடைமுறை. ஆசிரியர் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் பருவப் புத்தகம் கைக்கு வந்த வாரமே அதைக் கரைத்துக் குடித்துவிட்ட பிள்ளை, செப்டம்பர் வரை வகுப்பில் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குச் சில நாடுகள் தனி வகுப்பு என்று பதில் சொல்லியிருக்கின்றன. அங்கே என்ன நடக்கிறது, நம் வழக்கமான வகுப்பறையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது, அதில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த வகுப்புகளில் நடப்பதில் பெரும்பகுதி, எந்த வகுப்பிலும் நடக்க வேண்டிய நல்ல பாடம்தான். வேகமான பிள்ளைக்கு மட்டுமே தேவைப்படுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் கொடுக்காமல் விடுகிறோம்.

யார் மீத்திறக் குழந்தை?

ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் 'மெல்லக் கற்போர்' என்ற தலைப்பு இருக்கும். 'மீத்திறக் குழந்தைகள்' என்ற தலைப்பும் இருக்கும். முதல் தலைப்பைப் பற்றிப் பள்ளியில் தினமும் பேச்சு நடக்கும். இரண்டாவது தலைப்பு பயிற்சித் தேர்வோடு மறந்துபோகும்.

மீத்திறனை அளக்கப் பெரிய அளவில் முயன்றவர் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன். 1921இல் தொடங்கி, கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. தேர்வில் மதிப்பெண் போதாது என்று கழித்துவிடப்பட்ட பிள்ளைகளில் இருவர் இயற்பியலுக்கு வாங்கினார்கள்: 1956இல் வில்லியம் ஷாக்லி, 1968இல் லூயிஸ் ஆல்வரெஸ். ஒரு நாள் தேர்வு எதைத் தவறவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

1978இல் ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளர் வேறு விளக்கம் தந்தார். சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்த வேலையை விடாமல் முடிக்கும் பிடிவாதம், புதிதாக யோசிக்கும் போக்கு ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார். இந்தக் கணக்குப்படி, முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையும் மீத்திறப் பிள்ளையும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதும் பிள்ளைக்கு முதல் ரேங்க் வரும். கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல இருக்க, "அது ஏன் டீச்சர் அப்படி?" என்று குடைந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்கு வராமல் போகலாம்.

ஒரே கணக்கு, இரண்டு அறை

தொடக்கப் பள்ளிக் கணக்கில் சுற்றளவும் பரப்பளவும் வரும். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைவார்: நீளம் 8 அடி, அகலம் 4 அடி. சுற்றளவு 24 அடி. பரப்பளவு 32 சதுர அடி. சூத்திரத்தை எல்லாரும் சேர்ந்து ஒருமுறை சொல்வார்கள். அதே மாதிரி இன்னும் நாலு கணக்கு, பிறகு வீட்டுப்பாடம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அடிப்படை போய்ச் சேர வேண்டும் என்ற பொறுப்பு அந்த ஆசிரியருக்கு இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் பக்கத்துப் பாயில் வேறு வகுப்புப் பிள்ளைகளும் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

மீத்திற வகுப்பில் அதே பாடம் இப்படித் தொடங்கும்: "உங்களிடம் 24 அடி கம்பி வலை இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்குச் செவ்வகமாகப் பட்டி போட வேண்டும். எந்த அளவில் போட்டால் குட்டிக்கு இடம் அதிகம் கிடைக்கும்?" சூத்திரம் எதுவும் சொல்லப்படாது. பிள்ளைகள் தாங்களே அட்டவணை போடுவார்கள். 11க்கு 1 என்றால் 11 சதுர அடி. 10க்கு 2 என்றால் 20. 9க்கு 3 என்றால் 27. 8க்கு 4 என்றால் 32. 7க்கு 5 என்றால் 35. 6க்கு 6 என்றால் 36. சதுரமாகப் போட்டால்தான் இடம் அதிகம் என்று கண்டுபிடித்துக் கை தட்டும்போது ஆசிரியர் அடுத்த கேள்வியைப் போடுவார்: "பள்ளிச் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மூன்று பக்கத்துக்கு மட்டும் வலை கட்டினால்?" இப்போது சதுரம் தோற்றுப்போகும். சுவரிலிருந்து 6 அடி, சுவரோடு 12 அடி, மறுபடி 6 அடி. பரப்பளவு 72 சதுர அடி. முன்பு கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. "ஏன்?" என்ற சண்டை தொடங்கும். அந்தச் சண்டைதான் பாடம்.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்தக் கேள்விக்குக் கெட்டிக்காரப் பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை. பெருக்கலில் தடுமாறும் பிள்ளையும் 24 தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கிக் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்கலாம். யாரும் தொடங்கிவிடலாம், யாரும் சட்டென்று முடித்துவிட முடியாது. நல்ல கேள்விக்கு இதுதான் இலக்கணம்.

வேறுபாடுகள் எவை?

முதலாவது வேகம். மீத்திற வகுப்பில் பாடம் தொடங்கும் முன்பே சின்னதாக ஒரு சோதனை வைப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த பகுதியை அந்தப் பிள்ளைக்கு மறுபடி நடத்துவதில்லை. மூன்று வாரப் பாடம் ஒரு வாரத்தில் முடியும். மீந்த நேரம் வேறு வேலைக்குப் போகும். வழக்கமான வகுப்பில் சோதனை பாடத்துக்குப் பின்னால்தான் வருகிறது. தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே பாடத்தை ஒரே நாட்கணக்கில் கேட்கிறார்கள்.

இரண்டாவது ஆழம். "என்ன?" என்ற கேள்வியைத் தாண்டி "ஏன்?", "எப்படித் தெரியும்?", "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேள்விகள் போகும். விடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

மூன்றாவது காத்திருப்பு. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கிட்டார். அதை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளைகள் திரும்பக் கேள்வி கேட்பதும் கூடியது. காசு செலவில்லாத இந்த மாற்றத்துக்குத் தனி வகுப்பு எதற்கு?

நான்காவது மதிப்பீடு. மீத்திற வகுப்பில் பிள்ளை தானே ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து, கட்டுரையாகவோ மாதிரியாகவோ பேச்சாகவோ முன்வைக்கும். நம்மிடமும் வளரறி மதிப்பீட்டில் செயல்திட்டம் உண்டு. ஆனால் அது பல வீடுகளில் அம்மா வரையும் சார்ட்டாகவும், ஸ்டேஷனரிக் கடையில் வாங்கி ஒட்டும் படமாகவும் முடிந்துபோகிறது. கடைசியில் எடுபடுவது தொகுத்தறித் தேர்வின் மதிப்பெண்தான்.

இந்த நான்கில் ஆழமும் காத்திருப்பும் நல்ல மதிப்பீடும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துபவை. வேகம் மட்டுமே பிள்ளைக்குப் பிள்ளை மாற வேண்டியது.

சிங்கப்பூர், இலங்கை, கணவாய்க்கு அப்பால்

தமிழர்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்கே 1984இல் மீத்திறக் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து, அந்த வயதினரில் சுமார் 1 விழுக்காட்டினரைத் தேர்ந்தெடுத்து, நான்கு முதல் ஆறு வரை ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பில் படிக்க வைத்தார்கள். வகுப்பு சிறியது, பாடம் அகலமும் ஆழமும் கூடியது. ஆனால் ஆறாம் ஆண்டு இறுதியில் அவர்கள் எழுதியதும் மற்றப் பிள்ளைகள் எழுதிய அதே தேர்வுதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், இந்தத் திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் வேகமான பிள்ளைகளுக்குத் தானே கூடுதல் வேலை தர வேண்டும். அதற்கும் மேல் தேவைப்படுவோர் பள்ளி நேரத்துக்குப் பின் அருகிலுள்ள பள்ளியில் சிறப்பு வகுப்புக்குப் போகலாம். பள்ளி மாற வேண்டாம், கூட்டாளிகளை விட்டுப் பிரிய வேண்டாம். தனி வகுப்பில் நெடுங்கால அனுபவம் உள்ள நாடே இன்று சொந்தப் பள்ளியின் பக்கம் திரும்பியிருக்கிறது.

இலங்கையில் வேறு கதை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தக் காலத்தில் வேரூன்றியது 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஏழைக் கிராமத்துப் பிள்ளை பெரிய பள்ளிக்குப் போக அது வழி திறந்தது. அந்தப் பெருமை உண்மை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை ஒரு பரீட்சை தீர்மானிக்கிறது என்று ஆனதும், நான்காம் ஐந்தாம் தர வகுப்பறையே பழைய வினாத்தாளைப் புரட்டும் இடமாகிவிட்டது. டியூஷன் பெருகியது. கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடப் போய், எல்லாப் பிள்ளையின் வகுப்பறையும் சுருங்கிப்போனது.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் கேரளத்தின் கொல்லம் மாவட்டம். அங்கே கொட்டாரக்கரையில் ஜவகர் நவோதயா பள்ளி இருக்கிறது. 1980களின் நடுவில் தொடங்கிய இந்த மத்திய அரசு உறைவிடப் பள்ளிகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு வைத்து ஆறாம் வகுப்பில் சேர்க்கின்றன. இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டில் ஒரு நவோதயாகூட இல்லை. நவோதயா இருக்கும் இடங்களிலும் தனிப் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்துதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையை வடிகட்டுவதையே 13ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆகவே தொடக்கக் கல்வியைப் பொறுத்தவரை, தீர்வு வழக்கமான வகுப்பறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

தேர்வு உண்டு, பாடம் இல்லை

தமிழ்நாட்டில் திறமையைத் தேடும் தேர்வுகளுக்குப் பஞ்சமில்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்.; தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பதினோராம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் உண்டு. இவை தரும் பணம் பல குடும்பங்களில் பிள்ளையின், குறிப்பாகப் பெண்பிள்ளையின், படிப்பு நிற்காமல் காப்பாற்றுகிறது. ஆனால் இவை கெட்டிக்காரப் பிள்ளையை அடையாளம் கண்டு பணம் கொடுப்பதோடு நிற்கின்றன. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்கும் பாடம் மாறுவதில்லை. அறிவியல் ஆர்வத்துக்கான வானவில் மன்றம் ஆறாம் வகுப்பிலிருந்துதான். மாவட்ட மாதிரிப் பள்ளிகளோ அதற்கும் மேல். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இப்படி ஒன்றும் இல்லை.

ஏணியும் அரும்பும்

ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேகத்துக்கேற்ற பாடம் என்ற யோசனை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் புதிதில்லை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் எம். பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. அப்போது படித்த பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்: சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் அட்டைகள், பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் ஓவியங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். ஏறும் வேகம் பிள்ளையின் வேகம். கெட்டிக்காரப் பிள்ளை யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

குறை என்னவென்றால், அட்டைகளில் பல ஒரே மாதிரியானவை. வேகம் கிடைத்தது, ஆழம் ஆசிரியரைப் பொறுத்துப் போயிற்று.

இன்று நடப்பது எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அடிப்படை மதிப்பீடு வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி தருகிறார்கள். பாடத்துக்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது, ஒரே அறையில் வெவ்வேறு வேலை தருவது ஆகிய இரண்டும் மீத்திற வகுப்பின் கருவிகள்தான். நம் பள்ளிகள் அவற்றைப் பின்தங்கிய பிள்ளைக்குப் பயன்படுத்தப் பழகிவிட்டன. அதுதான் அவசரத் தேவையும்கூட. ஆனால் மலரைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன என்ற இடத்தில் திட்டம் மௌனமாகிவிடுகிறது.

சட்டாம்பிள்ளை வேலை போதுமா?

அந்த இடத்தை வழக்கமாக நிரப்புவது சட்டாம்பிள்ளை வேலை. முடித்துவிட்ட பிள்ளையை எழுப்பி, "போ, அவனுக்குச் சொல்லிக்கொடு" என்று அனுப்புவது. இது நம் திண்ணைப் பள்ளி வழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில் காப்பகப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துக் கற்று, 1797இல் புத்தகமாக்கி, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

சொல்லிக்கொடுப்பது நல்லது; சொல்லிக்கொடுக்கும்போது தனக்கே தெளிவு பிறக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் அதுவே வேலையானால், அந்தப் பிள்ளை தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். தனக்குத் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டும் வாய்ப்பு கிடைக்காது. முடித்தவருக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதும் இதே வகைதான். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போலிருக்கும். சூட்டிகையான பிள்ளை அடுத்த முறை மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்ளும்.

தனி வகுப்பின் பக்கம் ஒரு நியாயம் இங்கே உண்டு. தன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கூட்டாளி வேண்டும் என்பது உண்மையான தேவை. ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது கிடைப்பது அரிது. குறுவளமையத்துக்கு உட்பட்ட நாலைந்து பள்ளிகளின் இப்படிப்பட்ட பிள்ளைகளை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூட்டினால், சிங்கப்பூர் இப்போது செய்ய நினைப்பதன் சிறு வடிவம் நமக்கும் கிடைத்துவிடும்.

ஒரு பாட்டிலும் பல வேலையும்

ஒரே அறையில் எப்படிச் செய்வது? குற்றாலத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொருந்தும் ஒரு பாடத்தைப் பார்ப்போம். ஜூனில் பள்ளி திறக்கும் வேளையில்தான் சாரலும் தொடங்கும். பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, அடிப்பகுதி மேடுபள்ளம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்து, மேலே ஸ்கேல் ஒட்டினால் மழைமானி தயார். வானிலைத் துறை காலை 8.30க்கு அளவு எடுக்கிறது. பள்ளி தன் வழிபாட்டு நேரத்தில் எடுக்கலாம்.

ஒரு வாரத்து அளவு மில்லிமீட்டரில் 4, 0, 11, 6, 2, 0, 5 என்று வைத்துக்கொள்வோம். அரும்பு நிலைப் பிள்ளை எண்ணைப் படித்து, கட்டம் போட்ட தாளில் அத்தனை கட்டம் வண்ணம் தீட்டும். அடுத்த நிலைப் பிள்ளை கூட்டும்: 28. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஏழால் வகுத்துச் சராசரி 4 என்று சொல்லும். வேகமான பிள்ளைக்குக் கேள்வி வேறு: "4 மில்லிமீட்டர் பெய்த நாள் ஒன்றே ஒன்றுதான், அப்புறம் சராசரி 4 என்றால் அது எதைச் சொல்கிறது? வாயகன்ற டப்பாவும் குறுகிய டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் மட்டம் உயரமாக இருக்கும்?" பக்கங்கள் நேராக இருந்தால் இரண்டிலும் ஒரே மட்டம்தான். வைத்துப் பார்க்காமல் அதை நம்புவது கடினம். அதற்கும் அடுத்து, "மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அக்டோபரில் வரும் மழை நமக்கு மட்டும் ஏன் ஜூனிலேயே வருகிறது?" என்று கேட்டால், மலைத்தொடரில் செங்கோட்டைப் பக்கம் உள்ள கணவாயும் தென்மேற்குக் காற்றும் பாடத்துக்குள் வந்துவிடும். பாட்டில் ஒன்று, பாடம் ஒன்று, வேலை மட்டும் வேறு வேறு. இதற்காக ஆசிரியர் தயாரிக்க வேண்டியது கூடுதலாக இரண்டு மூன்று கேள்விகள்தான்.

பெற்றோருக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பருவ முடிவில் பிள்ளையின் கணக்கு நோட்டைப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எல்லாம் சரி என்று டிக் மட்டுமே இருந்தால், ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை என்றால், பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளை இதுவரை தனக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதியிருக்கிறது என்று பொருள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துப் போய், வாரத்துக்கு ஒரு கணக்காவது இந்தப் பிள்ளையைத் திணற வைக்கும்படி கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்குத் தனி வகுப்பும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.